மைசூர்ச் சந்தன எண்ணெய்யும் தொண்ணூறு சதவீதக் கணக்கும்

மைசூர் சமஸ்தானத்தில் சந்தன மரம் யார் நிலத்தில் முளைத்தாலும் அரசுக்கே சொந்தம். திப்பு சுல்தான் 1792-இல் செய்த இந்த ஏற்பாடு உடையார்கள் ஆட்சியிலும் நீடித்தது. ஏலத்தில் போன கட்டைகளில் பெரும்பங்கு ஜெர்மனிக்குக் கப்பலேறியது; எண்ணெய் அங்கேதான் வடிக்கப்பட்டது. 1914-இல் முதல் உலகப் போர் மூண்டதும் வாங்க ஆளின்றிக் கட்டைகள் தேங்கின. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் வேதியியலாளர்கள் சட்பரோவும் வாட்சனும் நீராவி கொண்டு எண்ணெய் வடித்துக் காட்டினர். விசுவேசுவரய்யா திவானாக இருந்த 1916–17 காலத்தில் பெங்களூரிலும் மைசூரிலும் அரசு ஆலைகள் எழுந்தன.

வடித்த எண்ணெய்யை உலகச் சந்தை ஏற்க வேண்டுமே! அன்று அது வாசனைப் பொருள் மட்டுமல்ல, சிறுநீர்ப் பாதை நோய்க்கு மருந்தும்கூட. எண்ணெய்யில் 90 சதவீதமாவது சந்தலால் என்னும் ஆல்கஹால் இருக்க வேண்டும் என்பது அன்றைய பிரிட்டிஷ் மருந்து நூலின் விதி. சிடார் மர எண்ணெய்யையும் ஆமணக்கெண்ணெய்யையும் கலந்து விற்பவர்கள் இருந்ததால் மூக்கை மட்டும் நம்ப முடியவில்லை. ஒரு பங்கு எண்ணெய் ஐந்து பங்கு 70 சதவீத ஆல்கஹாலில் தெளிவாகக் கரைய வேண்டும், கலங்கினால் சந்தேகம்தான். முனைவுற்ற ஒளியை 15 முதல் 21 பாகை வரை இடப்பக்கம் திருப்ப வேண்டும்.

சந்தலாலை அளக்கும் முறை நுட்பமானது. எண்ணெய்யை அசிட்டிக் அன்ஹைட்ரைடுடன் கொதிக்க வைத்தால் சந்தலால் எஸ்டராக மாறும். அதைக் கழுவி, உலர்த்தி, நிறுத்து, அளவறிந்த பொட்டாஷ் காரக் கரைசலில் மீண்டும் காய்ச்சுவார்கள். எஸ்டர் சிதையும்போது காரத்தில் ஒரு பகுதி செலவாகும். மீந்த காரத்தில் பினாப்தலீன் விட்டால் இளஞ்சிவப்பு தோன்றும். ப்யூரெட்டிலிருந்து அமிலம் சொட்டுச் சொட்டாக விழ, ஒரு சொட்டில் அந்நிறம் மறையும். அதுவரை செலவான அமிலம் எவ்வளவு குறைவோ, சந்தலால் அவ்வளவு அதிகம். எளிய கண்ணாடிக் கருவிகளால் இவ்வளவு துல்லியம் பெற்றது போற்றத்தக்கது.

ஆனால் இம்முறைக்கு ஆல்கஹால் இனம்தான் தெரியும், தனித்தனிச் சேர்மம் தெரியாது. ஆஸ்திரேலியச் சந்தனத்தில் உள்ள ஃபார்னசாலும் சந்தலால் கணக்கிலேயே சேர்ந்துவிடும். அந்த எண்ணெய் ஒளியைக் குறைவாகவே திருப்பும் என்பதால்தான் அக்காலத்தில் வேறுபாடு பிடிபட்டது.

1952-இல் ஜேம்ஸும் மார்ட்டினும் உருவாக்கிய வாயு குரோமட்டோகிராஃபி இக்குறையைத் தீர்த்தது. நீண்ட மெல்லிய குழாயில் ஆவியாக ஓடும் சேர்மங்கள் வெவ்வேறு நேரத்தில் வெளிவந்து, வரைபடத்தில் தனித்தனி முகடுகளாகப் பதிகின்றன. அதனால் 2002-ஆம் ஆண்டின் சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 3518, மொத்தச் சந்தலாலோடு நிற்கவில்லை. சந்தலாலின் இரு வடிவங்களில் ஆல்ஃபா சந்தலால் 41 முதல் 55 சதவீதம், பீட்டா சந்தலால் 16 முதல் 24 சதவீதம் என இரண்டுக்கும் தனித்தனி எல்லை வகுத்தது. ‘மைசூர்’ என்ற பெயர் இன்று புவிசார் குறியீட்டின் காப்பில் இருந்தாலும், புட்டியில் இருப்பது அசல் எண்ணெய்தானா என்பதைக் காட்டுவது அந்த வரைபடமே.