சுவரில் ஊறும் ஓதம்

தமிழில் ‘ஓதம்’ என்ற சொல்லுக்குக் கடல், அலை என்னும் பொருள்கள் உண்டு. ஈரம் என்னும் பொருளும் உண்டு. இலக்கியம் கற்றோர் முன்னதை நினைப்பர். வீடு கட்டும் கொத்தனார் பின்னதையே அறிவார். ஜொகூர் பாருவின் அடுக்குமாடி வீடுகளில் வாழும் நம்மவர்க்கோ இரண்டும் அண்மையில் உள்ளன. சன்னலுக்கு வெளியே நீரிணையின் ஓதம். கட்டிலுக்குப் பின்னே சுவரின் ஓதம். கடலோதத்தின் காரணத்தைப் பள்ளிப் பிள்ளையும் கூறிவிடும். சுவரோதத்தின் காரணத்தை மனிதன் அறிந்துகொண்ட வரலாறோ நெடியது.

கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், தம் நூலின் ஏழாம் பகுதியில் ஈரச் சுவர்களைப் பற்றித் தனியே எழுதினார். தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை, மணலுக்கு மாறாகச் சுட்ட செங்கற்பொடி கலந்த காரையைப் பூசச் சொன்னார். அதற்கும் அடங்காவிடின், இடைவெளி விட்டு உட்புறம் மற்றொரு மெல்லிய சுவரை எழுப்பி, இடையில் காற்றுச் செல்ல வழிவிடுமாறு கூறினார். அவர் கண்ட பகை மண்ணின் நீர்.

நம் முன்னோரும் இப்பகையை அறிந்திருந்தனர். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்த சுண்ணாம்புக் காரை ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சியதைக் காற்றில் விட்டுவிடும். மலாய் மக்கள் கால்களின்மேல் வீட்டை நிறுத்தி, மண்ணோடு சுவருக்கிருந்த தொடர்பையே அறுத்தனர். சீனர் கடைவீடுகளின் முன்னே நிழல்தரும் ‘அஞ்சடி’, சாரல் சுவரைத் தொடாமல் காத்தது. ஜொகூர் இரப்பர்த் தோட்டங்களில் நம்மவர் குடியிருந்த பலகை லயன்களில் வசதிகள் குறைவு. எனினும் பலகை இடுக்குகளில் காற்று தடையின்றிப் புகுந்தது. இவை யாவும் ஒரே கொள்கையைச் சார்ந்தவை: சுவர் நனைந்தால் குற்றமில்லை, நனைந்தது உலர வேண்டும்.

1824இல் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்டு சிமெண்டுக்கு உரிமம் பெற்றார். உறுதியில் சிமெண்டுக்கு இணை சுண்ணாம்பு அன்று. ஆனால் சுண்ணாம்பைப்போல் சிமெண்டு எளிதில் உலர்வதில்லை. அதன்மேல் நீர்புகாச் சாயமும் பூசிவிட்டால், உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி உப்பாய்ப் பூக்கிறது. சாயத்தைக் கொப்புளமாய் உயர்த்துகிறது.

செங்கல்லின் நுண்புழைகள் வழியே மண்ணின் நீர் மேலேறுவதைத் தடுக்க, அடித்தளத்திற்குச் சற்று மேலே கற்பலகையோ தாரோ இடும் வழக்கம் இங்கிலாந்தில் 1875ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தையொட்டி வந்த விதிகளால் நிலைபெற்றது. அவ்வாறு ஏறும் நீர் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் நின்றுவிடும். ஆகவே ஏழாம் மாடியில் வாழ்பவர் தம் சுவரின் ஈரத்திற்கு மண்ணைக் குறைகூற இயலாது. அங்கே மூன்று நீர்களே எஞ்சுகின்றன: மழைநீர், குழாய்நீர், காற்றின் நீர்.

காற்றின் நீரை விளக்கியவர் இலண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ். பனித்துளி வானத்திலிருந்து விழுவதா, மண்ணிலிருந்து எழுவதா என்று அறிஞர் வாதிட்ட காலம் அது. அவர் கம்பளிப் பஞ்சை நிறுத்து, இரவில் வெளியே வைத்து, காலையில் மீண்டும் நிறுத்துப் பார்த்தார். காற்றிலுள்ள நீராவியே குளிர்ந்த பொருளின்மேல் நீராகப் படிகிறது என்று 1814இல் வெளியிட்ட நூலில் நிறுவினார்.

இவ்வுண்மை குளிர்நாட்டில் ஒருவாறும் நம் நாட்டில் வேறொருவாறும் செயற்படுகிறது. அங்கே வெதுவெதுப்பான அறையின் ஆவி, குளிர்ந்த வெளிச்சுவரின் உட்புறத்தில் படியும். சன்னலைத் திறந்தால் நீங்கும். இங்கே வெளிக்காற்றே ஈரம் மிக்கது. இரவில் வெப்பம் 26 பாகை, ஈரப்பதம் 90 விழுக்காடு எனக் கொண்டால், பனிநிலை ஏறத்தாழ 24 பாகை. அண்டை வீட்டார் குளிர்சாதனத்தை 18 பாகையில் வைத்து, அது பொதுச்சுவரை நோக்கி வீசினால், நம் பக்கத்துச் சுவரும் அந்நிலைக்குக் கீழே குளிரக்கூடும். குழாயும் உடையவில்லை, மழையும் பெய்யவில்லை. சுவர் மட்டும் வியர்க்கிறது! நம் அறையே குளிரூட்டப்பட்டதாயின், சன்னலைத் திறப்பது ஈரத்தை விருந்துக்கு அழைப்பதாகும். 1902இல் நியூயார்க் புரூக்ளின் அச்சகமொன்றில் காகிதம் ஈரத்தால் விரிவதைத் தடுக்கவே வில்லிஸ் கேரியர் தம் குளிர்சாதன அமைப்பை வகுத்தார். ஈரத்தை வெல்லப் பிறந்த கருவியே இன்று அண்டை வீட்டுச் சுவரில் ஈரத்தை வருவிக்கிறது.

மூன்று நீர்களையும் பிரித்தறிவது எங்ஙனம்? முதலில் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றின் மழையோடு வளர்ந்து, வெயிலில் குறையும் ஈரம், வெளிச்சுவர் வெடிப்பிலோ சன்னற்சட்ட ஓரத்திலோ புகுவது. மழைக்கும் வெயிலுக்கும் மாறாதது குழாய்நீராகலாம். இரவில் எல்லாத் திருகுகளையும் அடைத்த பின்னும் நீர்மானி நகருமாயின், நீர்வரும் குழாயில் கசிவு உண்டு. குளிக்கும்போது மட்டும் மிகுவது கழிவுக்குழாயையோ குளியலறைத் தரையையோ காட்டும். அலமாரியின் பின்னே, காற்றுப் புகாத மூலையில் கரும்புள்ளியாய்ப் பூசணம் படர்வது பெரும்பாலும் காற்றின் நீர். ஐயம் நீங்கவில்லையேல், ஒரு சாண் அகல நெகிழித்தாளை ஓரங்கள் முழுதும் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் கழித்துக் காண்க. தாளின் வெளிப்புறம் நனைந்திருந்தால் நீர் காற்றிலிருந்து வந்தது; உட்புறம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வந்தது.

இவ்வறிவு வீட்டுச் செலவை மட்டுமன்று, அண்டை உறவையும் காப்பது. மலேசியாவின் 2013ஆம் ஆண்டு ‘ஸ்டிராட்டா’ நிருவாகச் சட்டம் ஜொகூரில் 2015 ஜூன் முதல் நடைமுறையில் உள்ளது. அதன்கீழ் 2015இல் வந்த விதிகளின்படி, மேற்றளத்தில், அஃதாவது தலைக்கு மேலுள்ள தளத்தில், ஈரம் கண்டு அறிவித்தால், நிருவாகம் ஏழு நாட்களுக்குள் ஆராய வேண்டும். வேறு காரணம் தெளிவாகும்வரை, மேல்மாடி வீட்டிலேயே பழுது உள்ளது எனக் கொள்ளப்படும். இந்த ஊகம் மேற்றளத்திற்கே உரியது, சுவருக்கு அன்று. சுவரின் ஈரத்தைக் கண்டவுடன் மேல்வீட்டாரைப் பழிப்போர் இவ்வேறுபாட்டை எண்ண வேண்டும்.

இன்று பலர் செய்வது வேறு. கறை தெரிந்தவுடன் சாயம் பூசுகின்றனர். மறு பருவத்தில் கறை திரும்பியதும் மேல்வீட்டாரோடு பூசலிடுகின்றனர். சாயத்திற்குச் செலவிடும் முன், ஈரம் எந்நாளில், எந்நேரத்தில், எவ்விடத்தில் தோன்றியது என்று ஒரு மாதம் குறித்து வருவது நலம். வெல்ஸ் கம்பளிப் பஞ்சைக் கொண்டு செய்ததும் அத்தகைய குறிப்பே.