மலாக்காவில் ஓர் இரவு

ஜூரோங்கிலிருந்து துவாஸ் இரண்டாம் இணைப்புப் பாலத்தைக் கடந்து, காரில் வடக்கே நெடும்பயணம் செல்வோர் மலாக்காவில் ஓர் இரவு தங்குவது நன்று. 1998இல் அப்பாலம் திறக்கப்பட்டபின் இவ்வழி நமக்கு எளிதாயிற்று. பலரும் மாலையில், 1511இல் நகரைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியரின் கோட்டை வாயிலையும், 1641இல் அவர்களை வென்ற டச்சுக்காரரின் செந்நிறக் கட்டடத்தையும் கண்டு மகிழ்வர். தமிழர் காண வேண்டியது பிறிதொன்று உண்டு. அதற்கு விடியும்வரை தங்குதல் வேண்டும்.

பொற்கொல்லர் தெரு என்று பொருள்படும் ஜாலான் துக்காங் எமாஸில், காலை மணியோசை எழும் பொய்யாத விநாயகர் ஆலயம் 1781இல் தோன்றியது. அதனை எழுப்பியோர் மலாக்காச் செட்டிகள். சுல்தான்கள் காலத்திலேயே வாணிகத்தின் பொருட்டு வந்து, இம்மண்ணின் பெண்டிரை மணந்து நிலைத்த தமிழ் வணிகரின் வழித்தோன்றல்கள் அவர்கள். இன்று அவர்தம் வீட்டுமொழி மலாய். உடையும் பெரிதும் மலாய் வழக்கே. ஆயினும் போகியன்று வாழையிலை விரித்து முன்னோர்க்குப் படைக்கத் தவறுவதில்லை. சமயம் நின்றது, மொழி சென்றது.

அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. தாயகத்தொடர்பு அரிதான காலத்தில், பள்ளியோ நாளிதழோ இன்றி அவர்கள் காத்தது பெரிது. எல்லாம் வாய்க்கப்பெற்ற நாமோ, ஜூரோங் அடுக்குமாடி வீட்டில் பாட்டி தமிழில் வினவ, பேரன் ஆங்கிலத்தில் விடையிறுப்பதைக் கேட்டு வாளாவிருக்கின்றோம். அவர்கள் சில நூற்றாண்டுகளில் இழந்ததை நாம் இரு தலைமுறையில் இழக்கலாமோ?