ரிப்பீற்றர் நிலையத்துக்கான பற்றரி மின்வசதி

ஒரு மீடிறனில் கேட்பதை அதே கணத்தில் இன்னொரு மீடிறனில் உரத்து அனுப்பும் இருவழி வானொலிக் கருவி ரிப்பீற்றர். தரையில் நிற்கும் இருவர் வோக்கி-டோக்கியில் பேசிக்கொள்ளச் சமதரையில் ஏறத்தாழ 10 கிலோமீற்றர்தான் எல்லை. 36 மீற்றர் கோபுரத்தில் ரிப்பீற்றரின் அன்ரனாவை ஏற்றினால், கோபுரத்தைச் சுற்றி 30 கிலோமீற்றர் வரை கேட்கும். தம்பலகாமத்து வயல்வெளியில் அப்படியொரு கோபுரம் நின்றால், கணக்கின்படி திருகோணமலை நகரும் கந்தளாயும் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். ஆனால் கோபுரத்தின் அடியில் கரண்ட் நின்ற கணத்தில் வட்டம் முழுவதும் ஊமையாகும்.

கரண்ட் நிற்பது இலங்கையில் அபூர்வமன்று. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று பட்டதில் நாடே இருண்டது. திருகோணமலை மாவட்டத்தின் பெரிய ஆபத்துகளோ மாரியோடு வருபவை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த சூறாவளி முதலில் திருகோணமலைப் பக்கம்தான் கரையேறியது. 2020 டிசம்பர் 2 இரவு புரேவி சூறாவளி குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையே கரை கடந்தது. எல்லாவற்றுக்கும் மழைதான் காரணம் என்றுமில்லை: 1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தபோது நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் தொடர்பு அறுந்திருந்தது. விக்டர் குணதிலக தலைமையிலான இலங்கை வானொலிச் சங்கத்தின் அமெச்சூர் வானொலியாளர்கள் கார் பற்றரியில் இயங்கிய சிற்றலைக் கருவிகளால் அதை மீட்டனர். சிற்றலை நேரடியாகவே தொலைவு போகும், ரிப்பீற்றர் வேண்டாம். மின் வழங்கும் முறை மட்டும் இரண்டுக்கும் ஒன்றே: 12 வோல்ற்று பற்றரியிலிருந்து நேரே கருவிக்கு. கணினிக்கு விற்கும் யூபிஎஸ்ஸை வாங்கி வைப்பது நம்மிடையே வழக்கம். அது சில நிமிடங்களுக்கென்று செய்யப்பட்டது. 12 வோல்ற்றை 230 ஆக ஏற்றி, மீண்டும் 13.8 ஆக இறக்குவதில் மின்சாரம் வீணே சூடாகிப் போகிறது.

எவ்வளவு பற்றரி வேண்டும் என்பதைக் கணக்குத்தான் சொல்லும். கேட்டுக்கொண்டிருக்கையில் 0.5 அம்பியரும் பேசுகையில் 8 அம்பியரும் இழுக்கும் ஒரு ரிப்பீற்றரை எடுத்துக்கொள்வோம். சாதாரண நாளில் அது நூற்றுக்கு ஐந்து பங்கு நேரம் பேசினால், நாளுக்கு 21 அம்பியர்-மணி போதும். வெள்ள நாளில் கால்பங்கு நேரம் பேசும். தேவை 57க்கு ஏறும். இரண்டு நாள் தாங்க 114. ஈய-அமில பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால் 230 அம்பியர்-மணி வாங்கவேண்டும். லிதியம் இரும்பு பொசுபேற்று பற்றரியில் நூற்றுக்கு எண்பது பங்கு வரை எடுக்கலாம், 145 போதும். உறைகுளிரில் அதற்கு மின்னேற்றக் கூடாது என்ற எச்சரிக்கை தம்பலகாமத்தில் எவருக்கும் தேவைப்படாது. ஆனால் அதன் வோல்ற்றளவு கடைசி வரை பெரிதும் இறங்காது. மீற்றரைப் பார்த்து மீதியை மதிப்பிட்டவர்களை அது திடீரென்று கைவிடும்.

இங்கே ஈய-அமில பற்றரியைக் கொல்வது மின்வெட்டு அன்று, கச்சான் காற்றின் வெக்கை. பற்றரியின் ஆயுள் 25 பாகை செல்சியசுக்குக் கணக்கிடப்பட்டது. அதற்கு மேல் 10 பாகை கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். தகரக் கூரை அறைக்குள் வைத்த பற்றரி மே முதல் ஓகஸ்ட் வரை வெந்து, சத்திழந்து, மாரியில் அழைக்கும்போது எழும்பாது. நிழலும் காற்றோட்டமும் கொடுப்பது பெரிய பற்றரி வாங்குவதைவிட மலிவு. சார்ஜரும் வெப்பத்துக்கேற்ப இறங்கவேண்டும்: ஒவ்வொரு பாகைக்கும் 0.02 வோல்ற்று அளவில், 35 பாகையில் 0.2 வோல்ற்று குறைவாக. அருகிலுள்ள குடாவிலிருந்து வரும் உப்புக்காற்று முனைகளை அரிக்கும். வசலின் பூசினால் போதும்.

பற்றரி, சார்ஜர், ரிப்பீற்றர் மூன்றையும் ஒரே இணைப்பில் பூட்டினால் கரண்ட் போனதைக் கருவி உணராது. மாற்றுவதற்கு ரிலேயும் வேண்டாம். சார்ஜர் ரிப்பீற்றரையும் சுமந்து பற்றரியையும் நிரப்பவேண்டும் என்பதால் 230 அம்பியர்-மணி பற்றரிக்கு 30 அம்பியருக்குக் குறையக் கூடாது. நேர்முனைக்கு ஒட்டியே உருகி இருக்கவேண்டும், ஏனெனில் அதற்கு முந்திய வயரில் குறுஞ்சுற்று நேர்ந்தால் தீயைத் தடுக்க வேறொன்றும் இல்லை. 11.5 வோல்ற்று அளவில் தானே துண்டிக்கும் கருவியும் வேண்டும்.

சூரியப்பலகை வெயில்காலத்தில் தாராளம். மாரியில் முழுவெயிலுக்கு ஈடான நேரம் இரண்டு மணியாகச் சுருங்கினால், 200 வாற்றுப் பலகை இழப்புப்போக 300 வாற்று-மணியே தரும். வெள்ள நாளின் தேவையோ 700க்கு மேல். ஆகவே பலகை பெரிதாகவேண்டும், அல்லது சிறு மின்பிறப்பாக்கி பக்கத்தில் இருக்கவேண்டும்.

சோதனைக்கு உகந்த காலம் மாரிக்கு முன் புரட்டாதி. மின் சபை வழியைத் துண்டித்து, பேசும் சுமையில் பற்றரியை ஓடவிட்டு நேரத்தைக் குறிக்கவேண்டும். புதிதாக இருந்தபோது ஓடிய நேரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கீழே வந்த பற்றரியை மாற்றிவிடுவது வழமை.