வாத்துக்கு வீடு கட்டியவர்கள்

ஊரில் பொழுதுபட்டால் கோழிகளைக் கூட்டில் அடைத்து, கதவுக்குக் கல் முட்டுக் கொடுப்போம். மரநாய்க்குப் பயம். நாம் தஞ்சமடைந்த நோர்வேயிலும் அப்படியொரு காவலின் வரலாறு உண்டு. அங்கே காக்கப்பட்டவையோ காட்டு வாத்துகள்.

வடகரையிலுள்ள வேகா தீவுக்கூட்டத்துக்கு வசந்தம்தோறும் ஐடர் என்னும் கடல்வாத்துகள் முட்டையிட வரும். தீவு மக்கள் கல்லாலும் கரையொதுங்கிய மரத்தாலும் சிறு வீடுகள் கட்டி, காய்ந்த கடற்பாசி பரப்பி வைப்பார்கள். காகம், கடற்கழுகு, நீர்நாய் அண்டாமல் பார்த்திருப்பார்கள். அடைகாலத்தில் நாயைக் கட்டிவைப்பார்கள், உரத்துப் பேசமாட்டார்கள். இவ்வேலையில் பெரும்பகுதி பெண்களுடையது. தாய் குஞ்சுகளோடு கடலுக்குப் போனபின் கூட்டில் எஞ்சும் மென்தூவியே கூலி. ஒரு கிலோ தூவிக்கு ஏறக்குறைய 60 கூடுகள் வேண்டும்.

1920களின் இறுதியில், ரோமத்துக்காக அமெரிக்க மிங்க் என்ற கீரி போன்ற விலங்கைக் கொண்டுவந்து பண்ணைகளில் வளர்த்தார்கள். தப்பியவை காட்டில் பெருகின. நீந்தித் தீவேறி முட்டையையும் தாயையும் தின்றன. 1970களுக்குள் மக்களும் சிறு தீவுகளை விட்டுக் குடிபெயர்ந்தனர். காவலர் போனதும் வாத்துகளும் குறைந்தன.

2004இல் யுனெஸ்கோ இத்தீவுகளை உலக மரபுரிமையாக ஏற்றது. இன்றும் சிலர் பருவத்துக்குத் திரும்பிப் போய் வாத்து வீடுகளைத் திருத்துகிறார்கள்.

மனிதர் அகன்றால் பறவைகள் செழிக்கும் என்றே நினைத்திருந்தோம். இந்த வாத்துகள் ஆள் நடமாடும் முற்றத்தையே தேடி வந்தன. ஆளற்றுக் கிடந்த எம் வளவுகளை எண்ணும்போது, அது எமக்கு விளங்குகிறது.