டைனோ நாளும் கரியடுப்பும்

என்ஜினின் திறனை அளக்கும் கருவி டைனமோமீட்டர். கார்ப் பிரியர்கள் அதைச் சுருக்கி டைனோ என்பார்கள். டைனோ உள்ள ஒரு பட்டறையை ஒரு நாளைக்குப் பேசிவைத்து, உறுப்பினர்களின் கார்களை ஒவ்வொன்றாக டைனோவில் ஏற்றி அளந்து, வாசலிலேயே பார்பிக்யூ அடுப்பு மூட்டிச் சாப்பிட்டுக் கலையும் வழக்கம் அமெரிக்கக் கார் கிளப்புகளில் 1990-களில் வேரூன்றியது. தொழிற்சாலைகளும் பந்தயக் குழுக்களும் வைத்திருந்த அளவுகோல் சாதாரண உரிமையாளரின் கைக்கு வந்தது அப்போதுதான்.

அளவுகோல் பழையது. ஜேம்ஸ் வாட் 18-ஆம் நூற்றாண்டில் நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு வேலையை ஒரு குதிரைத்திறன் என்று வகுத்தார். பிரெஞ்சுப் பொறியாளர் காஸ்பார் தெ புரோனி 1821-இல், சுழலும் தண்டை மரக்கட்டைகளால் இறுக்கி, அது நெம்புகோலைத் தள்ளும் விசையை எடைபோட்டுத் திறனைக் கணக்கிட்டார். பெரிய கப்பல் இயந்திரங்களுக்கு மரக்கட்டை தாங்காது. வில்லியம் ஃபுரூட் 1877-இல் தண்ணீரையே தடையாக்கினார். இவையெல்லாம் இயந்திரத்தின் தண்டோடு நேரே பூட்டப்படும் கருவிகள். காருக்கு என்றால் என்ஜினைக் கழற்றியாக வேண்டும்.

கிளப்புகளுக்கு அந்த வசதி இல்லை. கலிபோர்னியாவில் பல கிளப்புகள் கூடி 1937-இல் அமைத்த தென் கலிபோர்னியா டைமிங் சங்கம், வறண்ட ஏரிப் படுகைகளில் கார்களை விரட்டி, கடந்த நேரத்தைக் கொண்டு வேகத்தைத்தான் அளந்தது. சக்கரங்களை உருளைகள்மேல் ஓடவிட்டு அளக்கும் டைனோ பின்னர் பரவியபோதும் விலை அதிகமாகவே இருந்தது. மொன்டானா மாநிலத்து டைனோஜெட் நிறுவனம் முதலில் மோட்டார் சைக்கிளுக்கும் பிறகு காருக்கும் செய்த கருவி நிலைமையை மாற்றியது. அதில் தடை ஏதும் கிடையாது. எடை தெரிந்த கனமான இரும்பு உருளையைக் காரின் சக்கரம் எவ்வளவு விரைவாகச் சுழற்றி ஏற்றுகிறது என்பதிலிருந்தே திறன் கணக்காகிவிடும். சிறு பட்டறைகளும் இதை வாங்கின.

அளவை நடக்கும் விதம் இது. காரின் சக்கரங்களை உருளைமேல் நிறுத்திப் பட்டைகளால் தரையோடு இழுத்துக் கட்டுவார்கள். ரேடியேட்டருக்கு எதிரே பெரிய மின்விசிறி ஓடும். பெரும்பாலும் நான்காம் கியரில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, என்ஜின் சுற்றின் உச்ச எல்லையான சிவப்புக் கோடு வரை ஏற்றிவிட்டு மிதியை விடுவார்கள். சில விநாடிகளில் முடிந்துவிடும். அச்சாகி வரும் தாளில் குதிரைத்திறனுக்கு ஒரு கோடு, முறுக்குவிசைக்கு ஒரு கோடு. முறுக்குவிசையை அடி-பவுண்டில் எடுத்து ஒரே அளவுகோலில் வரைந்தால், அந்தச் சுற்றை எட்டும் எந்தக் காரானாலும் இரண்டும் நிமிடத்துக்கு 5,252 சுற்றில்தான் வெட்டிக்கொள்ளும். அங்கே வெட்டாவிட்டால் அந்தத் தாளை நம்பக்கூடாது. கியர்பாக்ஸும் அச்சும் ஒரு பங்கைத் தின்றுவிடுவதால் சக்கரத்தில் வரும் எண் விளம்பர எண்ணைவிடக் குறைவாகவே இருக்கும். வேறு வேறு ஊர் டைனோக்களின் எண்களை ஒப்பிடுவது வீண் வேலை. ஒரே கருவியில் ஒரே நாளில் அளந்த கார்களின் ஒப்பீட்டுக்குத்தான் மதிப்பு. கிளப் கூடி அளப்பதன் பயனே அது.

ஓட்டம் சில விநாடிதான் என்றாலும் காரை ஏற்றி, கட்டி, அவிழ்த்து இறக்க நேரம் பிடிக்கும். இருபது கார் என்றால் பொழுது சாய்ந்துவிடும். காத்திருக்கும் கூட்டத்துக்குச் சோறு வேண்டுமே. அப்படித்தான் அடுப்பு வந்து சேர்ந்தது. அந்த அடுப்புக் கரிக்கும் காருக்கும் பழைய உறவு உண்டு. மாடல் டி காருக்கு மரம் அறுத்ததில் மிஞ்சிய துண்டுகளை வீணாக்க மனமில்லாத ஹென்றி ஃபோர்டு, 1920-களில் மிச்சிகனில் அவற்றைக் கரிக்கட்டிகளாக்கி, தம் கார் விற்பனையாளர்கள் மூலமாகவே விற்றார். இன்று கிங்ஸ்ஃபோர்டு என்ற பெயரில் விற்கும் கரி அதுதான்.

டைனோ தரும் தாள்கள் கார் கம்பெனிகளையே அசைத்திருக்கின்றன. 1999-ஆம் ஆண்டின் ஃபோர்டு மஸ்டாங் கோப்ரா 320 குதிரைத்திறன் என்று விற்பனைக்கு வந்தது. வாங்கியவர்கள் டைனோவில் ஏற்றினார்கள். அதற்கு ஈடான எண் வரவில்லை. அந்த ஆகஸ்டில் ஃபோர்டு விற்பனையை நிறுத்தி, விற்ற கார்களையும் திரும்ப அழைத்துப் பாகங்களை மாற்றிக் கொடுத்தது. மாஸ்டா நிறுவனம் 2001 மியாட்டாவுக்கு முதலில் சொன்ன 155-ஐ 142 என்று திருத்தி, விரும்பியவர்களிடமிருந்து காரைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் முன்வந்தது.

அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ 2005-இல் புதிய சான்று முறையைக் கொண்டுவந்தது. அதன்படி, தகுதி பெற்ற வெளியாள் ஒருவர் உடனிருந்து பார்க்கத் திறன் அளக்கப்பட வேண்டும். அந்தச் சான்றை முதலில் பெற்றது ஷெவர்லே கார்வெட் இசட்06-இன் எல்எஸ்7 என்ஜின். சான்றிதழில் பதிவான திறன் 505 குதிரைத்திறன்.