கூம்பாகும் கருவிழி: முன்கூட்டிக் கண்டறியும் முறைகளின் வளர்ச்சி

முன்னுரை

பள்ளிப் பருவத்தில் கண்ணாடிப் பவர் ஏறுவது வழக்கம்தான். சிலருக்கோ சிலிண்டர் பவர் வேகமாக ஏறும், அதன் அச்சும் மாறிக்கொண்டே இருக்கும். புதுக் கண்ணாடி போட்டாலும் எழுத்துகள் நிழலடித்தே தெரியும். இவர்களில் ஒரு பகுதியினருக்கு இருப்பது கெரட்டோகோனஸ் என்னும் கூம்புக் கருவிழி நோய். நடுவில் ஏறத்தாழ 540 மைக்ரான் தடிமனுள்ள கருவிழிப் படலம் இதில் மெலிந்து, கூம்பு வடிவில் முன்தள்ளுகிறது. பெரும்பாலும் பதின்வயதில் தொடங்கி முப்பதுகள் வரை முற்றும். இதைக் கண்டறியும் முறைகள் எவ்வாறு நோயின் தொடக்கநிலையை நோக்கி முன்னேறின, அந்த அறிவைத் தென்காசி மாவட்டத்துத் திருவேங்கடம் போன்ற ஊர்கள் எப்படிப் பயன்கொள்ளலாம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நிழலும் வளையங்களும்

1854-ல் லிவர்பூல் மருத்துவர் ஜான் நாட்டிங்ஹாம் இந்நோயைத் தனிநோயாக விரித்து நூல் எழுதினார். அப்போது மருத்துவர் கண்டது பக்கவாட்டிலிருந்து பார்த்தாலே தெரியும் முற்றிய கூம்பை. 1859-ல் லண்டனில் வில்லியம் போமன், கண்ணுக்குள் ஒளியைச் செலுத்தி, கூம்பின் ஓரத்தில் விழும் நிழலைக் கொண்டு நோயை அறிந்தார். 1873-ல் பிரான்சின் குய்னே ரெட்டினோஸ்கோப்பிச் சோதனையை அறிமுகப்படுத்தினார். கருவிழி கோணியிருந்தால், இச்சோதனையில் கண்மணிக்குள் தெரியும் ஒளி கத்தரிக்கோலின் இரு அலகுகள்போல் பிரிந்து அசையும்.

1880-ல் போர்ச்சுகலின் பிளாசிடோ, கறுப்பு வெள்ளை வளையங்கள் வரைந்த தட்டைக் கண்முன் பிடித்தார். ஒடுங்கிய எவர்சில்வர் தட்டில் முகம் கோணித் தெரிவதுபோல, சீர்கெட்ட கருவிழியில் வளையங்களும் கோணின. 1896-ல் கண் மருத்துவர் குல்ஸ்ட்ராண்ட் அந்தப் பிம்பத்தைப் புகைப்படமாக்கி அளந்தார். 1930-களில் சுவிட்சர்லாந்தின் மார்க் அம்ஸ்லர், இத்தகைய படங்களைக் கொண்டு, வெளித்தோற்றத்தில் எந்தக் குறியும் காட்டாத கண்களிலேயே தொடக்கநிலை நோயை இனங்கண்டார். முன்கூட்டிக் கண்டறிதலின் வரலாறு உண்மையில் இங்குதான் தொடங்குகிறது.

வண்ண வரைபடமும் எண்களும்

1980-களில் ஸ்டீபன் கிளைஸ் முதலியோர் வளையப் பிம்பத்தைக் கணினிக்குக் கொடுத்து, வளைவு மிகுந்த இடம் சிவப்பாகவும் தட்டையான இடம் நீலமாகவும் தெரியும் வரைபடத்தை உருவாக்கினர். 1989-ல் ராபினோவிட்சும் மெக்டானலும் அதற்கு எண் வரம்பு வகுத்தனர். கருவிழியின் மையத்தில் ஒளியை வளைக்கும் ஆற்றல் 47.2 டயாப்டரைத் தாண்டினாலோ, மேற்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் இடையிலான வேறுபாடு 1.4 டயாப்டரைத் தாண்டினாலோ நோயை ஐயுற வேண்டும் என்றனர்.

கருவிழியை லேசரால் செதுக்கிக் கண்ணாடியைத் தவிர்க்கும் லேசிக் அறுவை பரவியபோது இந்த ஆய்வு அவசரத் தேவையானது. லேசிக்குப் பின் கருவிழி புடைத்த நேர்வுகளை 1998-ல் சைலர் குழுவினர் வெளியிட்டனர். மறைந்திருக்கும் நோயோடு ஒரு கண் அறுவைக்குப் போய்விடக் கூடாது என்ற கவலை, ஆய்வாளர்களைக் கருவிழியின் பின்பரப்பை நோக்கித் திருப்பியது.

பின்பரப்பும் மேல்தோலும்

வளையத் தட்டு முன்பரப்பை மட்டுமே காட்டும். ஷைம்ஃப்ளுக் தத்துவத்தில் சுழன்று படமெடுக்கும் பென்டாகாம் போன்ற கருவிகள் 2000-களில் பின்பரப்பின் மேட்டையும், தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதையும் சேர்த்தே அளந்தன. கருவிழியின் மேல்தோல் கூம்பின் உச்சியில் மெலிந்தும் சுற்றிலும் தடித்தும் மேட்டை மறைத்துவிடுகிறது என்பதை 2009-ல் ரைன்ஸ்டைன் குழுவினர் காட்டினர். முன்பரப்பு ஒழுங்காகத் தெரியும்போதே பின்பரப்பு கெட்டிருப்பதற்கு இது ஒரு காரணம். 2015-ல் வெளியான உலக வல்லுநர்களின் கூட்டு முடிவும், தொடக்கநிலை நோயை உறுதிசெய்யப் பின்பரப்பின் மாறுபாடு அவசியம் என்றது. மையத் தடிமனை மட்டும் நம்ப வேண்டாம் என்றும் அது எச்சரித்தது.

எண்ணிக்கையும் கருவியும்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் நடந்து 1986-ல் வெளிவந்த ஆய்வு, லட்சம் பேரில் 54.5 பேருக்கு இந்நோய் என்றது. நெதர்லாந்தின் 2017 ஆய்வு 375 பேரில் ஒருவருக்கு என்றது. ஆளும் நாடும் வேறு என்றாலும், இந்த உயர்வில் நுட்பமான கருவிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. நாக்பூர் வட்டாரக் கிராமங்களில் முப்பது வயதைக் கடந்தவர்களிடம் நடந்து 2009-ல் வெளியான ஆய்வு 2.3 விழுக்காடு என்றது. அது 48 டயாப்டர் என்ற முன்பரப்பு அளவையே வரம்பாகக் கொண்டது. பின்பரப்பில் தொடங்கும் நோய் அந்த வலையில் சிக்காது. நோய் தொடங்கும் வயதினரும் அதில் இல்லை.

திருவேங்கடம் எங்கே நிற்கிறது

2019-ல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டத்தின் கரிசல் காட்டு வட்டம் திருவேங்கடம். இந்தப் பகுதிக்குத் திருநெல்வேலியே பெரிய மருத்துவ நகரம். 1976-ல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1988-ல் திருநெல்வேலியில் கிளை திறந்தது. பெரிய கருவிகள் நகரத்தில் இருக்கும்; திருவேங்கடத்துப் பிள்ளைக்கு முதல் சோதனை நடப்பது பள்ளியிலோ கண்ணாடிக் கடையிலோதான். அங்கே பவர் எழுதிக்கொடுப்பதோடு நின்றுவிட்டால் நோய் பல ஆண்டுகள் மறைந்திருக்கும்.

தாமதத்தின் விலை பெரிது. ரைபோஃப்ளேவின் சொட்டும் புறஊதா ஒளியும் கொண்டு கருவிழியை இறுக்கும் கிராஸ்லிங்கிங் சிகிச்சையை ஜெர்மனியின் டிரெஸ்டன் குழுவினர் 2003-ல் அறிவித்தனர். முற்றுவதைத் தடுப்பதே அதன் முதற்பணி. கெட்ட வடிவத்தை முழுதும் மீட்டுத் தராது. வழக்கமான முறைக்கு 400 மைக்ரான் தடிமனாவது மிஞ்சியிருக்க வேண்டும். அதற்கும் கீழே மெலிந்தவர்களுக்காகச் சென்னை மருத்துவர் சூசன் ஜேக்கப் காண்டாக்ட் லென்ஸ் துணையோடு செய்யும் முறையை 2014-ல் வெளியிட்டார்.

கிராமத்துக்குரிய கருவிக்கும் வழி பிறந்திருக்கிறது. பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வுக் குழு சங்கரா கண் மருத்துவமனையுடன் சேர்ந்து, கைபேசியில் பொருத்தும் சிறு வளையக் கருவியை உருவாக்கி 2021-ல் வெளியிட்டது. 101 கண்களில் சோதித்ததில், நோயுள்ளவற்றில் 87.8 விழுக்காட்டை அது சரியாகப் பிடித்தது. பிளாசிடோவின் தட்டுதான் புது வடிவில் வந்திருக்கிறது. முன்பரப்பை மட்டுமே அது காட்டும் என்பதால் சலித்தெடுக்க உதவும். உறுதிசெய்யப் பெரிய கருவி வேண்டும்.

முடிவுரை

ஒவ்வொரு கருவியும் நோயை முந்தையதைவிட இளநிலையில் காட்டியது என்பதே இந்த வரலாற்றின் சாரம். ஆனால் அந்தக் கருவிவரை பிள்ளையைக் கொண்டுசேர்ப்பது முதல் சோதனை செய்பவரின் கவனம்தான். ரெட்டினோஸ்கோப்பில் கத்தரி அசைவு தெரிந்தாலும், ஓராண்டுக்குள் சிலிண்டர் பவர் கூடினாலும், குடும்பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருந்தாலும், பிள்ளை ஓயாமல் கண்ணைக் கசக்கினாலும், கருவிழி வரைபடம் எடுக்க அனுப்பவேண்டும். பள்ளிக் கண் பரிசோதனைப் படிவத்தில் இந்த நான்கு குறிகளையும் கேள்விகளாகச் சேர்க்குமாறு சுகாதாரத் துறையையும் பள்ளிக் கல்வித் துறையையும் இக்கட்டுரை கேட்டுக்கொள்கிறது.