பொள்ளாச்சி – பழனி: ஒரு பஸ் பிறந்த கதை

1920-ல் பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு ரயில் கிடையாது. போத்தனூரிலிருந்து வந்த தண்டவாளம் 1915-ல் பொள்ளாச்சியைத் தொட்டதோடு நின்றுவிட்டது. அதைப் பழனி வழியாகத் திண்டுக்கல் வரை நீட்ட 1928 ஆனது. இடைப்பட்ட காலத்தில் பழனி மலைக்குப் போகிறவர்களுக்கும் உடுமலைப் பக்கம் சரக்கு வாங்கப் போகிறவர்களுக்கும் மாட்டு வண்டியை விட்டால் நடைதான். அந்தத் தடத்தில்தான் ஒரு இளைஞர் பஸ் ஒன்றை இறக்கினார். டிரைவரும் அவரே. பெயர் துரைசாமி. பிற்பாடு ஜி.டி. நாயுடு என்று ஊர் அறிந்தவர்.

சூலூரை ஒட்டிய கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23 அன்று பிறந்தவர். பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. வாத்தியார் மீது மண்ணை வாரி வீசிவிட்டு ஓடினார் என்று இன்றும் கதை சொல்வார்கள். படிப்பு ஆரம்பப் பள்ளியோடு சரி. (இதே மனிதர்தான் 1945-ல் கோவையில் பொறியியல் கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்தார், நாலு வருஷப் படிப்பு வீண், ரெண்டு வருஷம் போதும் என்று அரசாங்கத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வெளியேறியவரும் அவரே.)

ஒருநாள் வெள்ளைக்கார ரெவின்யூ அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தார். காளையும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஓடும் வண்டியைத் துரைசாமி பார்த்தது அப்போதுதான். அது தனக்கு வேண்டும் என்று முடிவு செய்தார். கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அந்த வண்டியையே வாங்கினார்.

வாங்கியவர் ஓட்டித் திரியவில்லை. பிரித்துப் போட்டார். ஒற்றை சிலிண்டர், கார்புரேட்டர், பொறி கொடுக்கும் மேக்னெட்டோ, பின் சக்கரத்தைச் சுழற்றும் பெல்ட். அந்தக் காலத்து ரட்ஜில் மறைவாக எதுவும் இருக்காது. எது எதைத் தள்ளுகிறது என்பதைக் கண்ணாலேயே தொடர்ந்து போகலாம். பிரித்ததைத் திரும்பப் பூட்டினார், வண்டி ஓடியது. மெக்கானிக் ஆகிவிட்டார்.

நடுவில் பருத்தி அவரை இழுத்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் திருப்பூரில் அரவை ஆலை வைத்துச் சம்பாதித்தார். பம்பாய்க்குப் போய்ப் பஞ்சு வியாபாரத்தில் அதைத் தொலைத்தார். வெறுங்கையோடு திரும்பியவருக்குக் கைகொடுத்தவர் ராபர்ட் ஸ்டேன்ஸ். 1858-ல் கோவைக்கு வந்து, காபியில் தொடங்கி நூற்பாலை வரை நடத்திய ஆங்கிலேயர். அந்த உறவில்தான் பஸ் கைக்கு வந்தது.

நாயுடு என்றதும் 'இந்தியாவின் எடிசன்' என்று சொல்லி, ஜெர்மனி வரை போன அவருடைய மின்சாரச் சவர ரேசரைக் காட்டுவதே வழக்கம். என்னைக் கேட்டால் அந்த ரேசருக்கெல்லாம் அப்பன் இந்தப் பஸ்தான். வழியில் மடத்துக்குளம் தாண்டி வண்டி படுத்துவிட்டால் யாரைக் கூப்பிடுவது? உதிரிப்பாகம் கப்பலில்தான் வரவேண்டும். காத்திருந்தால் பிழைப்பு போச்சு. நாமே கடைந்துகொண்டால் பிழைக்கலாம். ஒரு பஸ் பல பஸ்ஸாகி யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் ஆனபோது பட்டறையும் கூடவே பெருத்தது. டிக்கெட் கொடுக்க ஒரு கருவி, இன்ஜின் அதிர்வைச் சோதிக்க ஒரு கருவி என்று அங்கே அவர் செய்தவை பஸ் முதலாளியின் தலைவலிக்கு மருந்துகள்.

நாமே செய்துகொள்ளலாம் என்ற அந்தப் பழக்கம் பஸ்ஸோடு நிற்கவில்லை. 1930-களில் பைகாரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்தது. மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்துச் சலித்த குடியானவர்கள் மோட்டாருக்கு ஆசைப்பட்ட காலம். 1937-ல் நாயுடுவும் கோவைத் தொழில்முனைவர் டி. பாலசுந்தரமும் சேர்ந்து, கோவைப் பீளமேட்டில் நேஷனல் எலெக்ட்ரிக் வொர்க்ஸில், உள்நாட்டிலேயே ஒரு மின் மோட்டாரைச் செய்து ஓடவிட்டார்கள்.